உரம் போட்டும் தேறாத புல்தரை: ஒரு வீட்டுப் புல்வெளியின் நிகழ்வு ஆய்வு

ஒரு வீட்டின் முன்புறப் புல்தரை, சுமார் 140 சதுர மீட்டர். ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும், மழை ஒரே பருவத்தில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போகும் தட்பவெப்பம். அடியில் கனத்த களிமண். கட்டட வேலை முடிந்த கையோடு, வேறிடத்தில் வளர்த்த கலப்பின பெர்முடா புல்லைப் பத்தை பத்தையாகக் கொண்டுவந்து பதித்திருக்கிறார்கள். முதல் சில மாதங்கள் பச்சைப் பசேலென்று இருந்திருக்கிறது. முதல் மழைக்காலத்தில் வெளுக்கத் தொடங்கியது. அடுத்து வந்த கோடையில் திட்டுத் திட்டாகக் காய்ந்தது. இரண்டாம் மழைக்குக் கோரை உள்ளே புகுந்துவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது பாதிதான் புல். மீதி வெறும் மண்ணும் கோரையும்.

இது அபூர்வமான கதை இல்லை. புதிதாகக் கட்டிய வீடுகளில் புல்தரை வீணாகும் விதம் பெரும்பாலும் இதுதான். அதனாலேயே இதை விரிவாக எழுதுகிறேன். புல் மஞ்சளானால் எல்லோரும் மேலே எதையாவது போடுகிறார்கள். கோளாறோ நாலு விரற்கடை கீழே உட்கார்ந்திருக்கிறது.

முன்பு செய்து பார்த்தவை

வீட்டுக்கார அம்மாவும் தோட்டக்காரரும் சும்மா இருக்கவில்லை. தினமும் மாலையில் கால் மணி நேரம் ஸ்பிரிங்க்ளர் ஓடியது. மாதம் ஒருமுறை மூன்று கிலோ யூரியா, நடுநடுவே பாஸ்பரஸ் மிகுந்த டி.ஏ.பி. உரம். காய்ந்த திட்டுகளை வெட்டியெடுத்துவிட்டுப் புதுப் பத்தை பதித்தார்கள். அதுவும் சில வாரங்களில் அதே கதிக்கு வந்தது. பூஞ்சை நோய் என்று ஒருவர் சொல்ல, அதற்கும் மருந்து தெளித்தாயிற்று. ஜிப்சம் போட்டால் களிமண் இளகும் என்று இன்னொருவர் சொன்னதைக் கேட்டு ஒரு மூட்டை வாங்கி வைத்திருந்தார்கள். அது மட்டும் இன்னும் பிரிக்கப்படவில்லை.

இந்தப் பட்டியலில் எனக்கு முதல் துப்பு கொடுத்தது புதுப் பத்தைகள்தான். நல்ல நிலையில் வந்த புல், அதே இடத்தில், அதே விதமாகச் சாகிறது என்றால் புல்லின் மேல் குற்றம் இல்லை. அந்த இடத்தில்தான் ஏதோ இருக்கிறது.

"சார், இன்னும் என்ன உரம் போடணும்னு மட்டும் சொல்லுங்க, போட்டுடறோம்" என்றார் அந்த அம்மா.

"இப்போதைக்கு எதையும் போட வேண்டாம்மா. முதல்ல தோண்டிப் பார்த்துடலாம்" என்று சொல்லிவிட்டுத் தோட்டக்காரர் பக்கம் திரும்பினேன். "அண்ணே, நல்லா இருக்கிற இடத்துல ஒண்ணு, செத்த இடத்துல ஒண்ணு. ரெண்டு குழியும் வேணும்."

தோண்டியதில் தெரிந்தது

செத்த இடத்தில் மண்வெட்டி ஆறேழு சென்டிமீட்டர்தான் இறங்கியது. அதற்குமேல் 'டங்' என்று நின்றுவிட்டது. கடப்பாரை போட்டுத்தான் 25 செ.மீ. ஆழம்வரை போக முடிந்தது. குழியின் ஒரு பக்கச் சுவரைச் செங்குத்தாகச் சீவிவிட்டுப் பார்த்தால், மூன்று அடுக்குகள் கோடு போட்டதுபோல் பிரிந்து தெரிந்தன.

மேலே இரண்டு செ.மீ. செம்மண். பத்தையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஈரத்தில் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. அதற்குக் கீழே நாலு செ.மீ. மணல், பத்தை பதிப்பதற்காகத் தரையை மட்டம் செய்யக் கொட்டியது. அதற்கும் கீழே சாம்பல் நிறக் களி. அதில் செங்கல் துண்டுகள், சிமெண்ட் கலவைக் கட்டிகள், கட்டுக்கம்பித் துணுக்குகள். வீடு கட்டும்போது லாரியும் கலவை மிஷினும் நின்ற இடம் அது என்று தோட்டக்காரர் சொன்னார். பாரத்தில் இறுகிய அந்த மண்ணைக் கொத்திவிடாமல், மேலே மணலைப் பரப்பி மூடியிருக்கிறார்கள்.

வேர்களைப் பார்த்தபோதுதான் வீட்டுக்கார அம்மா குனிந்து உட்கார்ந்தார். பெர்முடா ஆழமாக வேர்விடும் புல். நல்ல மண் கிடைத்தால் ஒரு மீட்டருக்கும் கீழே போகும். இங்கே வேர்கள் மணலின் அடிமட்டத்தைத் தொட்டதும் திரும்பி, களியின் முகத்தின் மேல் பாய் பின்னியதுபோல் பக்கவாட்டில் படர்ந்திருந்தன. நிறம் பழுப்பு, நுனிகள் கறுப்பு. மழை ஓய்ந்து சில வாரங்கள் ஆகியும் மணலின் அடி ஓரம் ஒரு விரல் கனத்துக்குக் கறுத்து, ஈரமாக இருந்தது. ஒரு பிடி எடுத்து மூக்கருகே கொண்டுபோனால் அழுகிய முட்டை நாற்றம். காற்று புகாத ஈரத்தில் நுண்ணுயிர்கள் கந்தகச் சேர்மங்களிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும்போது வரும் வாடை அது. வேர் மூச்சுத் திணறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

மணல் போட்டால் தண்ணீர் வடியும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மணல் தனியாக இருந்தால் வடியும். பிசுபிசுக்கும் செம்மண்ணுக்கும் களிக்கும் நடுவே மெல்லிய ஏடாகச் சிக்கிக்கொண்டால் கதை வேறு. மேலே உள்ள செம்மண்ணின் துளைகள் மிகச் சிறியவை. அவை தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்தச் செம்மண் அடுக்கு கிட்டத்தட்ட முழுதாக நிறையும்வரை, பெரிய துளைகள் உள்ள மணலுக்குள் தண்ணீர் இறங்காது. நிறைந்தபிறகு இறங்கும். ஆனால் மணலுக்கு அடியில் இறுகிய களி இருக்கிறது. அது ஒரு மணி நேரத்தில் 5 மில்லிமீட்டர் தண்ணீரைக்கூட உள்ளே வாங்காது. ஆக, மழைக்காலத்தில் அந்த மணல் ஏடு தண்ணீர் தேங்கும் தொட்டி. கோடையில் அதே மணல் ஈரத்தைப் பிடித்துவைக்காது. வேரும் ஆறு செ.மீ.க்குக் கீழே போகவில்லை. மழையில் மூழ்கிச் சாகிற புல்லே வெயிலில் காய்ந்தும் சாவதற்குக் காரணம் இந்த அடுக்குதான்.

கால்ஃப் மைதானங்களில் இதே குணத்தைத் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள். அமெரிக்கக் கால்ஃப் சங்கம் 1960-ல் வெளியிட்ட அமைப்பு முறையில், சரளைக்கல் அடுக்கின் மேல் சுமார் 30 செ.மீ. கனத்துக்கு மணல் கலவை போடப்படுகிறது. இரண்டும் சேரும் இடத்தில் தண்ணீர் சற்றே நின்று வேருக்குப் பயன்படும். மிகுதியானது சரளைக்கு அடியில் உள்ள வடிகுழாய் வழியாக வெளியே போய்விடும். நாலு செ.மீ. மணலுக்கு அந்த ஆழமும் இல்லை, அடியில் குழாயும் இல்லை.

நல்ல இடத்தில் தோண்டிய குழியில் மணல் ஏடு இருந்தாலும், அடிக்களி அவ்வளவு இறுகியிருக்கவில்லை. வேர்கள் வெள்ளையாக, பதினைந்து செ.மீ. வரை போயிருந்தன. அப்புறம் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு தரை முழுக்க இரண்டடிக்கு ஒருமுறை குத்திப் பார்த்தோம். ஈரமான மண்ணில் கைப்பலத்துக்கே பிடிவரை இறங்கினால் சரி. இறங்காத இடங்களைச் சுண்ணாம்புத் தூளால் குறித்துக்கொண்டே போனோம். கடைசியில் குறி விழுந்த இடங்களும் செத்த திட்டுகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அது தரையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு.

ஜிப்சம் வேண்டுமா என்று அறிய ஒரு எளிய சோதனை உண்டு. காய்ந்த மண் கட்டி ஒன்றைச் சுத்தமான தண்ணீரில் மெதுவாகப் போட்டு, ஆட்டாமல் ஒரு நாள் விட்டுவிட வேண்டும். கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கல் பரவி நின்றால் மண்ணில் சோடியம் மிகுதி. ஜிப்சத்தில் உள்ள கால்சியம் அந்தச் சோடியத்தைப் பெயர்த்துத் தள்ளும். இங்கே கட்டி உதிர்ந்து விழுந்தது, தண்ணீர் தெளிவாகவே நின்றது. இந்த மண் இறுகியது பாரத்தால். அதற்கு ஜிப்சம் மருந்தில்லை. மூட்டையைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன்.

வேர்ப்புழு இருக்கிறதா என்று சில இடங்களில் பத்தையைத் தூக்கிப் பார்த்தோம். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன, மருந்துக்கு அவசியமில்லை. இலைகளில் நோய்ப்புள்ளியும் இல்லை. போர் தண்ணீரில் உப்பு அளவுக்கு உள்ளேதான் இருந்தது. கடினத்தன்மை மட்டும் அதிகம்.

மஞ்சள் எங்கிருந்து வந்தது

புல் வெளுத்தால் யூரியா என்பது கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. கொஞ்சம் குனிந்து, எந்த இலை வெளுத்திருக்கிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். யூரியா கொடுப்பது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். அது குறைந்தால் செடி பழைய இலைகளிலிருந்து அதை உருவி இளந்தளிருக்குக் கொடுத்துவிடும். ஆகவே அடி இலைகள் முதலில் வெளுக்கும். இரும்புச்சத்தை அப்படி இடம் மாற்ற முடியாது. அது குறைந்தால் புது இலைகள்தான் முதலில் வெளுக்கும், அதுவும் நரம்பு பச்சையாக, நரம்புகளுக்கு நடுவே மட்டும் மஞ்சளாக. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நீளவாக்கில் பச்சையும் மஞ்சளுமாக மெல்லிய கோடுகள் தெரியும்.

இந்தப் புல்தரையில் அடி இலைகள் கரும்பச்சை. நுனித் தளிர்கள் எலுமிச்சை மஞ்சளில், கோடு கோடாக. யூரியா தேவைக்கு மேலேயே போயிருக்கிறது என்பதற்கு அந்தக் கரும்பச்சையே அத்தாட்சி. கணக்கும் அதையே சொன்னது. பெர்முடாவுக்கு ஒரு முறைக்குச் சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்து போதும். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம் என்பதால், அது சுமார் 11 கிராம் யூரியா. இவர்கள் மாதாமாதம் போட்டது அதைப்போல் இருமடங்கு. அதிலும், கார மண்ணில் யூரியாவைத் தூவிவிட்டு உடனே தண்ணீர் பாய்ச்சாமல் விட்டால் ஒரு பகுதி அம்மோனியாவாகிக் காற்றோடு போய்விடும்.

மண்ணின் பி.எச்., அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 8.2. ஏழுக்கு மேல் போனால் காரம். அந்தச் சாம்பல் களிக் கட்டி ஒன்றின் மேல் வினிகர் சில சொட்டு விட்டதும் நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்புச் சத்து தனியாகவே மண்ணில் கிடக்கிறது என்று அர்த்தம். உடைந்த சிமெண்ட் கலவையும் கடினத் தண்ணீரும் அதற்குக் கைகொடுத்திருக்கின்றன. பி.எச். 7.5-ஐத் தாண்டினாலே இரும்பு கரையாத வடிவத்துக்குப் போய்விடும். மண்ணில் எவ்வளவு இருந்தாலும் வேருக்கு எட்டாது. இதன்மேல் தண்ணீர் தேங்கினால் இன்னும் மோசம்: சுண்ணாம்பு மண்ணில் தேங்கும் ஈரத்தில் பைகார்பனேட் பெருகி, இரும்பை எடுத்துக்கொள்ளும் வேரின் திறனைக் குறைக்கிறது. முதல் மழைக்காலத்திலேயே வெளுக்கத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான். டி.ஏ.பி.யில் உள்ள மிகுதியான பாஸ்பரசும் இரும்பு கிடைப்பதைக் குறைக்கக்கூடியது.

என் ஊகம் சரிதானா என்று சோதிக்க, ஓரமாக இரண்டு கட்டங்கள் குறித்தோம். ஒன்றில் லிட்டருக்கு 5 கிராம் வீதம் அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட் கரைத்துத் தெளித்தோம். மற்றதில் யூரியா மட்டும். சில நாளில் இரும்புக் கட்டம் பச்சையாகிவிட்டது. யூரியாக் கட்டம் அப்படியே இருந்தது. இந்தச் சோதனைக்குச் செலவு ஒன்றுமில்லை, ஆனால் அதன்பிறகு அந்த வீட்டில் யூரியா பற்றிய பேச்சே எழவில்லை. அன்னபேதி தெளிக்கும்போது சிமெண்ட் தரையிலும் டைல்ஸிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துருக்கறை எளிதில் போகாது.

கந்தகம் போட்டு பி.எச்.சைக் குறைக்கலாமே என்ற கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. ஒரு கிலோ கந்தகம் சுமார் மூன்று கிலோ சுண்ணாம்பைத்தான் சமன் செய்யும். ஒரு சதுர மீட்டரில் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை ஏறத்தாழ 200 கிலோ. அதில் இரண்டு சதவீதம் சுண்ணாம்பு என்று வைத்துக்கொண்டாலும் நாலு கிலோ. அதைத் தீர்க்க ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஒரு கிலோவுக்கும் மேல் கந்தகம் வேண்டும். புல் தாங்கக்கூடியது ஒரு முறைக்கு 25 கிராம் அளவுதான். வினிகருக்கு நுரைக்கும் மண்ணில் பி.எச்.சோடு மல்லுக்கட்டுவதைவிட, தேங்கும் தண்ணீரை வெளியேற்றி, இரும்பை இலை வழியாகக் கொடுப்பது நல்லது.

தண்ணீரும் வெட்டும்

ஒரே அளவுள்ள காலி டப்பாக்களைத் தரையில் பரவலாக வைத்து, ஸ்பிரிங்க்ளரைக் கால் மணி நேரம் ஓடவிட்டோம். அருகில் இருந்த டப்பாவில் 9 மி.மீ., தூரத்து மூலையில் 3 மி.மீ. சராசரி 6 என்று வைத்தாலும் வாரத்துக்கு 42 மி.மீ. ஆகிறது. இந்தத் தட்பவெப்பத்தில் பெர்முடாவுக்கு வாரம் 25 மி.மீ. அளவில் கிடைத்தால் போதும். கடும் கோடையில் கொஞ்சம் கூடும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. தண்ணீர் என்பது சரியாக ஒரு லிட்டர். அப்படிப் பார்த்தால், இந்தத் தரைக்கு வாரம் 3,500 லிட்டர் வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட 5,900 லிட்டர் போய்க்கொண்டிருந்தது. அப்படியும் தூரத்து மூலை தாகத்தில் இருந்தது. களி உள்ளே வாங்கும் வேகத்தைப்போல் பல மடங்கு வேகத்தில் தண்ணீர் விழுந்ததால் மிச்சம் தாழ்ந்த ஓரத்துக்கு ஓடித் தேங்கியது. கோரை முதலில் முளைத்ததும் அந்த ஓரத்தில்தான்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டினால் மேல் மண் மட்டும் எப்போதும் ஈரமாக இருக்கும். வேருக்குக் கீழே போக வேண்டிய தேவையே வராது. மாலையில் பாய்ச்சினால் இலை இரவு முழுக்க ஈரமாகவே கிடக்கும், பூஞ்சைக்கு அது வசதி.

வெட்டுவதற்குத் தோட்டக்காரர் வைத்திருந்தது நரம்புக் கயிறு சுழலும் மிஷின். அதில் உயரம் கணக்காக வராது. சில இடங்களில் ஒரு செ.மீ.க்கும் கீழே சிரைத்ததுபோல் போயிருந்தது. இலைப்பரப்பு போனால் வேரும் சுருங்கும். வீட்டுப் பெர்முடாவுக்கு 2.5 முதல் 4 செ.மீ. உயரம் பொருத்தமானது. ஒரே வெட்டில் மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது.

செய்தவை, செய்த வரிசையில்

முதலில் நிறுத்தினோம்: யூரியா, டி.ஏ.பி., பூஞ்சை மருந்து, தினசரித் தண்ணீர். இதை ஒரு சிகிச்சையாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டுக்காரர்களுக்கு இதுதான் மிகக் கடினமாக இருக்கும்.

அடுத்தது வடிகால். தாழ்ந்த ஓரத்தில் 40 செ.மீ. ஆழத்துக்கு நீளவாக்கில் ஒரு வாய்க்கால் வெட்டி, துளையிட்ட பி.வி.சி. குழாயைப் பதித்து, சுற்றிலும் ஜல்லி நிரப்பி, மழைநீர் உறிஞ்சுகுழியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். வாய்க்கால் மணல் ஏட்டைக் குறுக்கே வெட்டிய உடனேயே, வெட்டிய முகத்திலிருந்து கறுத்த தண்ணீர் கசிந்து வந்தது.

மொத்தத் தரையையும் தோண்டிவிடலாமா என்று பேசினோம். வேண்டாம் என்றேன். மூன்றில் இரண்டு பங்கில் வேர் உயிரோடு இருக்கிறது. அதைக் கிளறினால் இருப்பதும் போய்விடும். செத்த பங்கை மட்டும், ஏறக்குறைய 40 சதுர மீட்டரை, முழுதாக எடுத்தோம். செம்மண், மணல், களி மூன்றையும் 20 செ.மீ. ஆழத்துக்குக் கொத்திக் கலந்து, கட்டடக் கழிவைப் பொறுக்கியெடுத்து, மேலே ஐந்து செ.மீ. கனத்துக்கு நன்கு மக்கிய எருவைப் பரப்பி மறுபடி கலந்தோம். அடுக்குகளுக்கு இடையே இருந்த கோடு அழிய வேண்டும் என்பதுதான் நோக்கம். வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு செ.மீ. சரிவு வைத்தோம். கூடுதலாக மணல் சேர்க்கவில்லை. களியோடு கொஞ்சம் மணலைக் கலந்தால் இளகாது, இன்னும் கெட்டியாகிவிடும்.

புதுப் பத்தை வாங்கவும் இல்லை. பெர்முடா கணுவுக்குக் கணு வேர்விடும் புல். நல்ல இடத்தின் ஓரங்களிலிருந்து ஓடுதண்டுகளை வெட்டியெடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கணுக்கள் இருக்கும்படி நறுக்கி, பத்து செ.மீ. இடைவெளியில் நட்டோம். பத்தையோடு வேற்று மண் வராது என்பது இதில் பெரிய லாபம். நட்டது வெயில் நன்றாக இருக்கும் வளர்ச்சிப் பருவத்தில். முதல் இரண்டு வாரம் மட்டும் தினமும் லேசாகத் தண்ணீர்.

மீதி நூறு சதுர மீட்டரில் காற்றோட்டக் குழிகள். வெறும் கூர்முனைக் கம்பியால் குத்தினால் குழியின் பக்கச் சுவர் இன்னும் இறுகும். ஆகவே மண்ணை உருளையாக வெளியே இழுத்துப்போடும் குழல்முனைக் கருவி, எட்டு செ.மீ. ஆழம், மணல் ஏட்டைத் துளைத்துக் களிக்குள் நுழையும் அளவுக்கு. மண் ஈரப்பதமாக இருக்க வேண்டும். சேறாகவும் கூடாது, காய்ந்தும் கூடாது. குழி போட்ட கையோடு சலித்த மக்கிய எருவை ஆறு மி.மீ. கனத்துக்குப் பரப்பி, துடைப்பத்தின் பின்பக்கத்தால் தள்ளிக் குழிகளுக்குள் இறக்கினோம். வெளியே வந்த மண் உருளைகளை அள்ளவில்லை. காய்ந்ததும் உதிர்ந்து எருவோடு கலந்துவிட்டன.

தண்ணீர் வாரம் இரண்டு நாள், அதிகாலையில். பத்து நிமிடம் ஓடவிட்டு, அரை மணி நேரம் நிறுத்தி, மறுபடி பத்து. இப்படி மூன்று தவணை. களி நிதானமாகக் குடிக்க இதுதான் வழி. ஸ்பிரிங்க்ளர் முனைகளைத் திருப்பியமைத்து, டப்பாக்களில் வித்தியாசம் குறையும்வரை சரிசெய்தோம். கோடையில் நடந்துபோன கால்தடம் நிமிராமல் அப்படியே நின்றாலோ, புல் நீலச் சாம்பல் சாயலுக்குப் போனாலோ தவணை நாளுக்குக் காத்திருக்காமல் தண்ணீர் விடச் சொல்லியிருந்தேன். உயரம் வைத்து வெட்டும் மோவர் வந்தது; 3.5 செ.மீ. உயரத்தில் நிறுத்தினோம். வெட்டிய புல்லைத் தரையிலேயே விட்டோம். அதில் எண்பது சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான். சீக்கிரம் மக்கி, சத்தை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கும்.

வேப்ப மரத்து அடி

ஒரு மூலையில் பெரிய வேப்ப மரம். அதன் கீழே எத்தனை முறை பத்தை பதித்தும் நிற்கவில்லை. வெயில் உள்ள ஒரு நாளில் மணிக்கு ஒருமுறை நிழலின் எல்லையைக் குறித்துப் பார்த்ததில், அங்கே நேர் வெயில் மூன்று மணி நேரம்கூட விழவில்லை. பெர்முடாவுக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். எந்த உரமும் வெயிலுக்கு ஈடாகாது. செயின்ட் அகஸ்டின் புல் நிழலைக் கூடுதலாகத் தாங்கும், ஆனால் அதற்கும் நாலு மணி நேரமாவது வேண்டும். ஆகவே நிழலின் ஓரத்தில் செயின்ட் அகஸ்டினை வைத்தோம். அடிமரத்தைச் சுற்றிப் புல்லைக் கைவிட்டு, நிழலில் தரையை மூடி வளரும் மாண்டோ செடியை நட்டோம். அம்மாவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். முழுத்தரையும் ஒரே பச்சையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தார். மரமா, அடியில் புல்லா என்றதும் மரம் என்று சொல்லிவிட்டார்.

கோரை

இதில்தான் வேலை இன்னும் முடியவில்லை. கோரையின் தண்டை விரலிடுக்கில் உருட்டினால் முக்கோணமாக உணரலாம். புல்லின் தண்டு அப்படி இருக்காது. தரைக்கு அடியில் சரம் சரமாகக் கிழங்குகள். மேலே பிடுங்கினால் தண்டு கையோடு வரும், கிழங்கு உள்ளேயே தங்கி மறுபடி துளிர்க்கும். முன்பு வாராவாரம் பிடுங்கியும் குறையாததற்குக் காரணம் அது. கொத்திய பகுதியில் கிழங்குகளைக் கையால் பொறுக்கியதில் ஒரு வாளி சேர்ந்தது. மற்ற இடங்களில், கோரை ஐந்தாறு இலை விடும் முன்பே களைக்கொத்தியால் ஆழமாகத் தோண்டியெடுக்கும் முறைக்கு மாறினோம். கிழங்கு தன் இருப்பைச் செலவழித்துத் துளிர்விட்ட பிறகு, அதை ஈடுகட்டிக்கொள்ளும் முன் எடுத்துவிட வேண்டும். பெர்முடாவைக் கெடுக்காமல் கோரையை மட்டும் தாக்கும் ஹாலோசல்பியூரான் என்ற மருந்து உண்டு. தாழ்ந்த ஓரத்தில் மட்டும், லேபிளில் உள்ள அளவில், அதைப் பயன்படுத்தினோம். ஓரம் வடியத் தொடங்கியதும் கோரையின் வேகம் குறைந்தது. கோரை நிழலைத் தாங்காது என்பதால், உயரமாக, நெருக்கமாக நிற்கும் புல்லே அதை அமுக்கும்.

ஓராண்டுக்குப் பிறகு

நட்ட தண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து மண்ணை மூட இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் ஆயிற்று. அடுத்த மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கவில்லை. மழை முடிந்ததும் பழைய குழிக்குப் பக்கத்திலேயே ஒரு துண்டு வெட்டிப் பார்த்தோம்: வேர் வெள்ளையாக, கொத்திய ஆழம் முழுவதும் இறங்கி, அதற்குக் கீழே ஒன்றிரண்டு களியின் வெடிப்புகளிலும் நுழைந்திருந்தது. நாற்றம் இல்லை. காற்றோட்டக் குழி போட்ட பகுதியில் முன்னேற்றம் மெதுவாகத்தான் வருகிறது. எரு இறங்கிய துளைகளில் மட்டும் வேர் கற்றை கற்றையாகக் கீழே போயிருக்கிறது. துளைகளுக்கு நடுவே மணல் ஏடு இன்னும் அப்படியே இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை குழி போட்டு எரு இறக்கினால்தான் அது கலையும். கோடையில் இந்தப் பகுதிதான் முதலில் வாடுகிறது.

மதில் சுவரை ஒட்டிய ஒரு முழ அகலப் பட்டை இன்னமும் வெளுக்கிறது. சுவரின் அடித்தளத்துச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து வந்துகொண்டே இருக்கும், அது நிற்கப்போவதில்லை. அங்கே வளர்ச்சிப் பருவத்தில் மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை அன்னபேதி தெளிக்கிறார்கள். மண்ணில் போடுவதானால் இ.டி.டி.எச்.ஏ. என்ற சேர்மத்தோடு பிணைத்த இரும்புதான் இந்த பி.எச்.சில் கரைந்த நிலையில் தங்கும். மண்ணில் இட்ட அன்னபேதி சீக்கிரமே கரையாத வடிவத்துக்கு மாறிவிடும்.

குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஃபெஸ்க்யூ, ரை, புளூகிராஸ் போன்ற புற்கள். அவை 15 முதல் 24 டிகிரி வெப்பத்தில் செழிக்கும், கோடையில் சோரும். தோண்டிப் பார்க்கும் முறையும் மண் சோதனையும் அங்கேயும் இதேதான். காலம் மட்டும் மாறும்: குழி போடுவதும் விதைப்பதும் இலையுதிர் காலத் தொடக்கத்தில். வெட்டும் உயரத்தையும் கூட்டி, ஃபெஸ்க்யூவுக்கு ஆறு செ.மீ.க்குக் குறையாமல் வைக்க வேண்டும்.

இந்தத் தரைக்கு இனி செய்ய வேண்டியது: மழைக்கு முன் அந்த நூறு சதுர மீட்டரில் அடுத்த சுற்றுக் காற்றோட்டக் குழிகள், இம்முறை இன்னும் நெருக்கமாக. வேப்ப மரம் வளர வளர நிழலும் நகரும். மாண்டோவின் எல்லையை ஒரு முழம் வெளியே தள்ள வேண்டியிருக்கும். வடிகுழாயின் வாயில் மண் அடைத்திருக்கிறதா என்று முதல் பெருமழைக்குப் பிறகு தோட்டக்காரர் பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு.